எலுமிச்சம்பழத்தில் தயங்கிய வண்டி

பத்து வரை எண்ணிக்கொண்டே மிதிக்கிற சோதனையை நீங்கள் சிரித்துக்கொண்டே செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு பலகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, பெடலில் காலை வைத்து, விழுந்துவிடுவோமோ என்று பயந்தவரைப் போல மெல்ல அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். அதற்கு 'புஷ்பாக்கா டெஸ்ட்' என்று பெயர் வைத்திருப்பதும் என் காதுக்கு வந்தது. ஓய்வு பெற்று ஆறு மாதமானாலும் என் காது இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது.

எனக்குக் கோபமில்லை. ஆனால் காரணம் தெரியாமல் ஒரு சோதனையைச் செய்கிறவர்கள், வேலை நெருக்குகிற ஒரு நாளில் அதைச் செய்யாமலே சரி என்று குறித்துவிடுவார்கள். நானும் குறித்திருக்கிறேன். அதனால்தான் காரணத்தை எழுதிக் கொடுக்கிறேன். இதில் எனக்குப் பெருமை சேர்க்கிற இடம் ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் நான் சறுக்கிய இடங்கள்.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக வண்டியைப் பற்றி நாலு வரி. பார்க்க மோட்டார் சைக்கிள்தான். கனமும் வேகமும் அதற்குரியவை. ஆனால் கையால் முறுக்கும் பிடி கிடையாது, சைக்கிளைப் போல பெடல்தான். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சங்கிலியும் இல்லை. நம் கால் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற செய்தி மட்டும் கம்பி வழியாக உள்ளே இருக்கிற சின்னக் கணினிக்குப் போகும். அது மோட்டாரை ஓட்டும். தோட்டத்தில் சைக்கிள் மிதித்தே பழகியவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, இது ஒரே நாளில் வந்துவிடும் என்பது முதலாளியின் கணக்கு. அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

நான் ரவாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் பல வருடம் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டு இங்கே வந்தவள். வண்டி வெளியே போகலாமா கூடாதா என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நான்தான். வண்டியின் மூளையை எழுதுகிறவன் ஆரூரன். அவனை உங்களில் சிலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பேரன் அதே தோட்டங்களுக்கு வண்டி செய்து அனுப்புகிறான் என்று நான் அவனைக் கிண்டல் செய்வேன்.

முதல் முறை வண்டியைக் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் காட்டியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். டிராக்டர் ஓட்டுகிற பெரியவர் ஒருவர் ஆசையாக ஏறி உட்கார்ந்தார். முப்பது வருடம் பெட்ரோல் மோட்டார் ஓட்டிய கால் அது. பெடலைப் பார்த்ததும் உதைத்து ஸ்டார்ட் செய்வதற்கு என்று நினைத்துவிட்டார். எழும்பி நின்று, உடம்பு பாரத்தை எல்லாம் போட்டு ஓர் உதை. வண்டி செம்பருத்தி வேலியைத் துளைத்துக்கொண்டு யாரோ போட்டிருந்த கங்கோங் கீரைப் பாத்தியில் போய் நின்றது. பெரியவர் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். 'பிக்கப்பு நல்லாத்தான் இருக்குலா' என்றார்.

அன்றிலிருந்து முரட்டுக் கால்களை எல்லாம் தேடித் தேடிச் சோதித்தோம். உதைக்கிற கால், குதிக்கிற கால், ஒரே பெடலில் ஏறி நிற்கிற கால். ஆரூரன் ஒவ்வொன்றையும் அடைத்தான். திடீரென்று உதைத்தால் இனி வண்டி அசையாது. நாங்கள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நினைப்பு அது.

பிறகு சபாக்குக்கு அப்பால் இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டம் பன்னிரண்டு வண்டிகள் கேட்டது. அங்கே மண் ஒட்டுகிற மண். மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். மூன்று நாள் அங்கேயே கிடந்து சோதித்தேன். புதைந்த வண்டியை மிதித்து மிதித்து எனக்கு முட்டி வீங்கியதுதான் மிச்சம். அப்போதுதான் ஆரூரனிடம் கேட்டேன். சக்கரம் சுற்றவில்லை, ஆனாலும் கால் அழுத்திக்கொண்டே இருக்கிறது என்றால், ஓட்டுகிறவர் சேற்றில் மாட்டிக்கொண்டார் என்று வண்டி புரிந்துகொள்ள வேண்டும். அவர் கேட்காமலே சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஆரூரன் இரண்டே நாளில் செய்து கொடுத்தான். சேற்றில் அருமையாக வேலை செய்தது. சக்கரம் மெல்லச் சுழலத் தொடங்கியதும் சக்தி கூடுவது நின்றுவிடும், வண்டி நிதானமாக வெளியே வரும். கையெழுத்துப் போட்டேன். யோசனையும் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டப்போகிறவர்களுக்கு நானே இரண்டு நாள் பயிற்சி கொடுத்தேன். அதில் ஒருத்தி பரமேஸ்வரி. எல்லாரும் பரமேஸ் என்பார்கள். வெட்டிப் போட்ட செம்பனைக் குலைகளை எண்ணிப் பதிவு செய்கிற வேலை. நாற்பதைத் தாண்டியவள், பதினைந்து வருடமாகச் சைக்கிளில்தான் தோட்டத்தைச் சுற்றினாள். வாழ்க்கையில் முதல் மோட்டார் வண்டி இதுதான். ஆளில்லாத எங்கள் பட்டறை முற்றத்தில்கூட இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அவளைக் காட்டி, 'இப்படித்தான் ஓட்டணும்' என்றேன். மெதுவாக அழுத்துங்கள், பொறுமையாக அழுத்துங்கள், பாலம் வந்தால் நின்று பார்த்துவிட்டு ஏறுங்கள். இதெல்லாம் நான் சொன்ன பாடம். அவள் மட்டும்தான் அதை வார்த்தைக்கு வார்த்தை பிடித்துக்கொண்டாள்.

வண்டிகள் புறப்படுகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை. நம் வழக்கம்தானே. பன்னிரண்டையும் வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கடையில் அன்று பழுத்தது கிடைக்கவில்லை, கல் மாதிரிக் காயாகத்தான் இருந்தது. தோட்டத்திலிருந்து, ஆட்களை மேய்க்கிற மண்டோர் மாணிக்கம் அண்ணனும், ஓட்டுகிறவர்கள் சார்பில் பரமேஸும் வந்திருந்தார்கள்.

'பரமேஸே மொதல்ல ஏறட்டும்' என்றார் மாணிக்கம் அண்ணன்.

பரமேஸ் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பெடலில் கால் வைத்து, நான் சொல்லிக் கொடுத்தபடியே மெல்ல அழுத்தினாள். பழம் தடுத்தது. வண்டி நகரவில்லை. அவள் அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை, விடவும் இல்லை. நகரும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். ஏழெட்டு நொடி இருக்கும். திடீரென்று பழம் நசுங்கியது, வண்டி பாய்ந்தது. பரமேஸ் பிரேக்கைப் பிடித்துவிட்டாள். பூசாரி ஒதுங்கியதில் கற்பூரத் தட்டு கீழே விழுந்தது. முன் சக்கரம் நின்ற இடத்துக்கும் அவர் காலுக்கும் ஒரு சாண் இடைவெளி.

எல்லாரும் சிரித்தார்கள். 'அம்மனுக்கு இன்னிக்கு அவசரம் போல' என்று பூசாரியும் சிரித்தார். பரமேஸ் மட்டும் வெளிறிப்போய் என்னைப் பார்த்தாள்.

'நான் கூடுதலா அழுத்திட்டேன் போலக்கா.'

'பரவாயில்லம்மா. பழகிடும்' என்றேன்.

அவள் அதிகமாக அழுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வாயில் வந்தது அந்தப் பதில்தான்.

மற்ற பதினோரு வண்டிகளையும் ஆரூரனும் பட்டறை ஆட்களும் பழத்தின் மேல் ஏற்றினார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. ஆரூரனைத் தூண் பக்கம் கூப்பிட்டுக் கேட்டேன்.

'பதினொன்னு ஓகே, ஒன்னுதான் ஜம்ப் பண்ணிச்சு. பழச்சாறுல வழுக்கியிருக்கும்கா. மண்டே வண்டியோட டேட்டா லாக் எடுத்துப் பாத்துர்றேன்.'

'இன்னிக்கு பாக்க முடியாதா?'

'லேப்டாப் வீட்ல இருக்கு. சண்டேலா அக்கா.'

லோரி தயாராக நின்றது. தோட்டத்தில் சமையல் நடந்துகொண்டிருந்தது, மேனேஜர் காத்திருந்தார். முதலாளி என்னைப் பார்த்து, 'புஷ்பா, ஏத்தலாமா?' என்றார். நான் கையெழுத்துப் போட வேண்டிய பட்டியல் என் கையில் இருந்தது.

அந்தச் சில நொடிகளில் என் மனதில் என்ன ஓடியது என்று உள்ளபடி சொல்கிறேன். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். என்னிடம் காரணம் இல்லை, அவள் கூடுதலாக அழுத்தவில்லை என்ற நினைப்பு மட்டும்தான் இருக்கிறது. புஷ்பா எலுமிச்சம்பழத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று பட்டறை முழுக்கப் பேசுவார்கள். வண்டி யாரையாவது தள்ளிவிடுமோ என்ற பயத்தைவிட, நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம் பெரிதாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது எழுத. 'ஏத்துங்க' என்றேன்.

பரமேஸ் லோரியில் முன் இருக்கையில் உட்கார்ந்து எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு ஆரூரனுக்குப் போன் போட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பாசிர் பெனம்பாங் வரச் சொன்னேன். அங்கே மீன் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தரை இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் காலியாக இருக்கும். பட்டறையில் மிஞ்சியிருந்த ஒரு வண்டியை நானே ஓட்டிக்கொண்டு போனேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். நான் பேசாமல் ஒரு பலகையைத் தரையில் போட்டேன்.

ஆரூரன் மிதித்தான். ஏறி இறங்கியது. மறுபடியும் மிதித்தான். பத்துத் தடவை. நானும் பத்துத் தடவை. பாய்ச்சலே இல்லை. கொட்டகைக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, வண்டி கெட்டுப்போய்விட்டதா என்று மலாய் மொழியில் கேட்டார். இல்லை என்றேன். எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரிச் சொன்னேன்.

'போதுமாக்கா?' என்றான் ஆரூரன்.

போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பரமேஸின் கால் நினைவுக்கு வந்தது. நாங்கள் இருவரும் எங்களைப் போலத்தான் மிதித்துக்கொண்டிருந்தோம். எங்களுக்கு வண்டி பழக்கம். நகரவில்லை என்றால் ஒரு அழுத்து அழுத்துவோம், இல்லையென்றால் காலை எடுத்துவிடுவோம். இரண்டும் இல்லாமல் அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருக்க எங்களுக்குப் பொறுமை கிடையாது.

'ஆரூரன், நீ பயந்தவனா மிதி.'

'பயந்தவனா எப்படிக்கா மிதிக்கிறது?'

'விழுந்துருவோம்னு நெனச்சுக்க. மெதுவா அழுத்து. கூட்டாத. விடவும் விடாத. அப்படியே இரு.'

அவன் அப்படியே இருந்தான். நான் எண்ணினேன். எட்டு வந்தபோது வண்டி பலகையைத் தாண்டிப் பாய்ந்து, அவனை மீன் கூடைகளின் மேல் தூக்கிப் போட்டது. முழங்கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திறந்து பார்த்தான்.

சேற்றில் சக்கரம் சீக்கிரமே சுழலத் தொடங்கிவிடும், அதனால் சக்தி கொஞ்சம்தான் கூடும். கெட்டியான தடை அப்படியில்லை. அதைத் தாண்டுகிற வரைக்கும் சக்கரம் சுற்றவே சுற்றாது. வண்டி நொடிக்கு நொடி சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். தடை விலகின கணத்தில் சேர்த்ததை எல்லாம் மொத்தமாக விட்டுவிடும். முரட்டுக் காலுக்கு ஆபத்தில்லை. அதை நாங்கள் அடைத்துவிட்டோமே. நிதானமான காலுக்குத்தான் ஆபத்து.

'புஷ்பாக்கா' என்றான் ஆரூரன். 'அந்தத் தோட்டத்துல பாலமெல்லாம் பலகைதானே?'

வடக்கே அந்தத் தோட்டம் முழுக்க ஆழமான வாய்க்கால்கள். பாரிட் என்பார்கள். அவற்றைத் தாண்ட ஓராள் அகலத்துக்குப் பலகைப் பாலம். பலகையின் விளிம்பு மண்ணைவிட உயர்ந்து நிற்கும், ஓர் எலுமிச்சம்பழத்தின் உயரம் இருக்கும். சேற்றுச் சோதனையின்போது அந்தப் பாலங்களின் மேல் நானே எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். வந்த வேகத்திலேயே ஏறிவிடுவேன். நின்று பார்த்து ஏறுகிறவர்களுக்குத்தான் விளிம்பு தடுக்கும். நின்று பார்த்து ஏறச் சொன்னதும் நான்தான்.

'பாஸுக்கு மொதல்ல சொல்லுங்கக்கா' என்றான்.

நான் மாணிக்கம் அண்ணனுக்குத்தான் போட்டேன். அன்று நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். பின்னால் ஒரே சத்தமாக இருந்தது. விருந்து முடிகிற நேரம்.

'அண்ணே, ஒரு வண்டியும் நகரக்கூடாது.'

'அஞ்சு பேரு ஓட்டிக்கிட்டு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்களே. ஏன், பேட்டரி வெடிக்குமா?'

ஒரே மூச்சில், அவர் இன்னொருத்தருக்குத் திருப்பிச் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும். சேர்த்து வைக்கிற சக்தி, கணினி என்றெல்லாம் தொடங்கினால் முடிந்தது கதை.

'பலகைக்கு முன்னால நின்னு மெதுவா மிதிச்சா வண்டி பாயுதுண்ணே. பாரிட்டுல தள்ளிடும். சாவிய ஆஃப் பண்ணிட்டு, எறங்கித் தள்ளிக்கிட்டு வரச் சொல்லுங்க.'

'பரமேஸ் போயிருக்கு' என்றார். 'அது நின்னு நின்னுதான் போகும்.'

ஆரூரனின் காரில் கிளம்பினோம். வழியெல்லாம் கடல் சாப்பாட்டுக்கும் வயல் பார்க்கவும் வந்த கார்கள். சுங்கை பெசாரில் இருபது நிமிடம் நகரவே இல்லை. ஆரூரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். அவன் அப்படி அடிக்கிற பிள்ளை இல்லை. மாணிக்கம் அண்ணன் ஒவ்வொருவராகப் பிடித்துப் பிடித்துச் சொன்னார். ஒருத்தர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருத்தர் கடையில் நின்றார். இரண்டு பேர் சொன்னதும் இறங்கிவிட்டார்கள். பரமேஸ் போனை எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடாதீர்கள், பையில் போட்டு மூடிவிடுங்கள் என்பதும் என் பாடம்தான்.

நடுவில் முதலாளி கூப்பிட்டார். மாணிக்கம் அண்ணன் மேனேஜரிடம் சொல்லி, மேனேஜர் இவரிடம் கேட்டிருக்கிறார்.

'புஷ்பா, எதுக்கு எல்லாரையும் பயமுறுத்தணும்? சாஃப்ட்வேர் அப்டேட், அதுக்காக நிறுத்தச் சொல்றோம்னு சொல்லிக்கலாம்லா.'

'அப்டேட்டுன்னா வீட்டுக்குப் போய்ட்டு நிறுத்துவாங்க பாஸ். வீட்டுக்குப் போற வழியிலதான் பாலம் இருக்கு.'

'சரி, உள்ளதையே சொல்லு' என்றார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் கிடையாது. அவரவர்க்கு அவரவர் பயம். சத்தம் போடாமல் காரணத்தை மட்டும் சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று அன்று கற்றுக்கொண்டேன். போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆரூரன் பார்க்காத மாதிரி சாலையைப் பார்த்துக்கொண்டான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பரமேஸ் வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி வரைக்கும் சேறு. வலது மணிக்கட்டை யாரோ துண்டால் கட்டியிருந்தார்கள், நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. வண்டியின் பின் சக்கரம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அவளுக்கு நீச்சல் தெரியாது. பலகையின் விளிம்பை ஒரே கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டு கத்தியிருக்கிறாள். பக்கத்து வரிசையில் வேலையாக இருந்த ஒருவருக்குக் கேட்டதால் பிழைத்தாள். ஞாயிறு என்று அவர் வேலைக்கு வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் முழுதாக யோசிக்க முடியவில்லை. பாதியிலேயே நிறுத்திவிடுவேன்.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

'புது வண்டிக்கா. கெடுத்துட்டேன். கோயில்லயும் இப்படித்தான் கூடுதலா அழுத்திட்டேன். மேனேஜர்கிட்ட சொல்லாதீங்க, வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க.'

'பழக்கமில்லாத பிள்ள, என்னா பண்றது' என்றார் சுற்றி நின்றவர்களில் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும், தம்பி தங்கைகளே. நம் வேலையில் இப்படி ஒரு நேரம் எல்லாருக்கும் வரும். அடிபட்டவரே தப்பு தன்னுடையது என்று சொல்வார். சுற்றி இருப்பவர்கள் பாவம் என்பார்கள். நாம் வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போதும், நம்மை எல்லாரும் கும்பிடுவார்கள். அந்தச் சுகம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கரையில் இருந்து கார் வரைக்கும் அதில் நான் நடந்து பார்த்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் கோப்பில் இருக்கிறது. பன்னிரண்டு வண்டிகளும் திரும்பி வந்தன. சேற்று உதவியை ஆரூரன் மாற்றி எழுதினான். அவன் மேல் பழி வராதபடி, யோசனை யாருடையது என்று முதல் வரியிலேயே நான் எழுதினேன். பத்து வரை எண்ணும் சோதனை வந்தது. பயிற்சிக்கு வருகிறவர்களில் ரொம்பப் பயப்படுகிறவர் யாரோ, அவர் மிதித்துப் பார்க்காமல் எந்த மாற்றமும் வெளியே போகக்கூடாது என்ற விதியும் வந்தது. தோட்டம் மூன்று மாதம் கழித்து வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இதையெல்லாம் நீங்கள் படித்துக்கொள்ளலாம்.

கோப்பில் இல்லாத ஒன்று இருக்கிறது. சபாக்கில் கிளினிக் ஒன்றில் பரமேஸுக்குக் கட்டுப் போட்டுவிட்டு, எக்ஸ்ரேக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே நீண்ட பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆரூரன் எதிரில் சுவரில் சாய்ந்து நின்றான். மாணிக்கம் அண்ணன் காப்பி வாங்கி வந்து யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

'பரமேஸ்' என்றேன். 'நீ தப்பா மிதிக்கல. நான் சொல்லிக் குடுத்த மாதிரிதான் மிதிச்ச. வண்டியிலதான் கோளாறு. நான் கேட்டுச் செஞ்ச கோளாறு.'

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

'எப்பக்கா தெரிஞ்சுச்சு உங்களுக்கு?'

என்ன கோளாறு என்று கேட்பாள், வண்டியைச் சரி செய்ய முடியுமா என்று கேட்பாள் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். இதை நான் எதிர்பார்க்கவில்லை. மீன் கொட்டகையில்தான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகாது.

'சந்தேகம் கோயில்லயே வந்துருச்சு' என்றேன்.

'அப்ப பத்தர இருக்கும்' என்றாள். அவள் குலை எண்ணுகிறவள் அல்லவா. இடது கை விரல்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாக மடக்கினாள். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. அங்கே நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

'நான் மூணு மணிக்குத்தானேக்கா அந்தப் பாலத்துக்கு வந்தேன்' என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. ஆரூரன் வெளியே போய்விட்டான். சீட்டு எழுதி முடித்து அவள் பெயரைக் கூப்பிடும்வரை, அவள் பக்கத்தில் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.